கணக்கில் 92 சதவீதம், களத்தில் நெரிசல்: ஒரு தானியக்க நிறுவனத்தில் பொறியாளர் திட்டமிடல்

பின்னணி

தொழிலகத் தானியக்க வேலை செய்யும் நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றில் நடந்தது இது. நீர் சுத்திகரிப்பு, ரசாயனக் கலவை, கன்வேயர் வரிசை மாதிரியான ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டு பேனல் வடிவமைப்பது, பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் தொழிலகக் கணினி) நிரல் எழுதுவது, ஸ்காடா திரைகள் (ஆலையைக் கண்காணித்து இயக்கும் கணினித் திரைகள்) செய்வது, கடைசியில் ஆலைக்கே போய் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது (கமிஷனிங்) அதன் தொழில். 2022 நடுவில் நான் அங்கே திட்டமிடல் பொறுப்பை ஏற்றபோது 34 பொறியாளர்கள் இருந்தார்கள். பேனல் வடிவமைப்பில் 8 பேர், நிரல் எழுத 15 பேர், கமிஷனிங்கில் 7 பேர், எல்லாருக்கும் மேலே லீட் என்று 4 பேர்.

ஆர்டர்கள் 2021-இலேயே ஏறத் தொடங்கியிருந்தன. அதே நேரத்தில் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. பிஎல்சி பிராசஸரும், ஐஓ (உள்ளீடு, வெளியீட்டு சிக்னல்) கார்டும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவும் சொன்ன தேதிக்கு வருவதில்லை. சிலவற்றுக்கு ஒன்பது மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் காத்திருந்தோம். வரைபடம் முடிந்து, நிரலும் பாதி எழுதி, பொருள் வராமல் நின்ற வேலைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

2022 நடுவில் பொருள் வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் தனித்தனி மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய பேனல்கள் ஒரே காலாண்டில் வரிசையாகத் தயாராகி நின்றன. அத்தனைக்கும் அனுப்பும் முன் எங்கள் கூடத்தில் ஏற்புச் சோதனை நடத்த வேண்டும், அத்தனை ஆலைக்கும் ஆள் போக வேண்டும். நெரிசலின் ஒரு பகுதி இங்கேதான் தொடங்கியது. அப்போது அதை யாரும் நெரிசலாகப் பார்க்கவில்லை, நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

கையிலிருந்த கணக்கு

நான் வந்தபோது ஆண்டுத் திட்டம் என்று ஒரே ஒரு தாள் இருந்தது. ஓர் ஆளுக்கு விடுப்பெல்லாம் போக வருடத்துக்கு 1,800 மணி நேரம், 34 பேருக்கு 61,200. அடுத்த பன்னிரண்டு மாத வேலைகளுக்கு மதிப்பிட்ட நேரம் 56,300. ஆக 92 சதவீதம். 'இறுக்கம்தான், ஆனால் முடியும்' என்று மேலாண்மைக் குழு முடிவு செய்திருந்தது. விற்பனைப் பிரிவு எல்லா வாடிக்கையாளருக்கும் ஆறு மாதம் என்று தேதி கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் முடிந்த 11 வேலைகளில் 8 தாமதம். தாளுக்கும் நடப்புக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தும் தாளைச் சந்தேகித்தவர் குறைவு. 'பையன்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள்' என்பதே பொதுவான விளக்கமாக இருந்தது.

மதிப்பீட்டு முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. ஐஓ எண்ணிக்கையை ஒரு நிலையான மணிக்கணக்கால் பெருக்குவார்கள். 600 ஐஓ என்றால் 300 ஐஓவைப் போல இரண்டு மடங்கு வேலை என்று பொருள். கன்வேயர் வேலையில் ஒரே மாதிரி மோட்டார்கள் நூற்றுக்கணக்கில் வரும், ஒன்றை எழுதிச் சோதித்துவிட்டால் மற்றதெல்லாம் நகல்தான். முந்நூறே ஐஓ உள்ள ரசாயனக் கலவை ஆலையிலோ, எந்த வால்வு எப்போது திறக்கும், பாதியில் நின்றால் எங்கே திரும்பும், கழுவும்போது எது எதைத் தடுக்கும் என்று வரிசை முறைகளே வாரக்கணக்கில் இழுக்கும். முதல் வகைக்கு அதிக நேரமும் இரண்டாவது வகைக்குக் குறைந்த நேரமும் ஒதுக்கிக்கொண்டே போனார்கள். கூட்டுத்தொகை கிட்டத்தட்ட சரியாக வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

விற்பனைப் பட்டியலிலும் இதே கதைதான். கிடைக்க 60 சதவீத வாய்ப்புள்ள ஆர்டரை அதன் நேரத்தில் 60 சதவீதமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த ஆர்டர் வந்தால் முழுசாக வரும், வராவிட்டால் ஒன்றும் வராது. 0.6 பங்கு ஆலையை யாரும் கமிஷனிங் செய்வதில்லை.

ஆகஸ்டில் நடந்தது

ஒரு நீர் சுத்திகரிப்பு ஆலையில் கமிஷனிங் முடித்துக் கொடுத்த மறுவாரம், இரவு ஷிஃப்டில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. மட்டம் உயர்ந்தும் உள்வரும் வால்வு மூடவில்லை. பார்த்தால், சோதனையின்போது அந்த வெளியீட்டில் போட்ட ஃபோர்ஸ் அப்படியே விடப்பட்டிருந்தது. நிரல் 'மூடு' என்று சொன்னாலும் ஃபோர்ஸ் அதை மீறி வால்வைத் திறந்தே வைத்திருக்கும். தண்ணீர் வீணானதோடு போயிற்று, யாருக்கும் காயமில்லை. அது வேறு திரவமாக இருந்திருந்தால் இந்தப் பத்தியை இவ்வளவு அமைதியாக எழுதியிருக்க முடியாது.

அங்கே வேலை பார்த்த பொறியாளர் கவனமானவர் என்று பெயரெடுத்தவர். விசாரித்தபோது அவர் 74 நாளாகத் தொடர்ந்து வெளியில் இருந்தது தெரிந்தது. ஒரு ஆலையிலிருந்து நேராக அடுத்ததற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு. கடைசி நாள் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார். ஃபோர்ஸ் பட்டியலைச் சரிபார்ப்பது அந்தத் தாளிலேயே இல்லை. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார். தவறை அவர் தலையில் கட்டியது அநியாயம் என்று அப்போதே எழுதி வைத்தேன், இப்போதும் அதுவே என் கருத்து.

நிர்வாகத்தின் முதல் எதிர்வினை, உடனே 12 பேரை எடுப்போம் என்பது. அதைத் தள்ளிப்போடச் சொல்லி ஆறு வாரம் கேட்டேன். நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று தெரியாமல் எத்தனை பேர், எந்த வேலைக்கு என்று எப்படிச் சொல்வது?

ஆறு வார நேரக் குறிப்பு

எல்லாரும் தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்றைய நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். முதல் வாரம் வந்த குறிப்புகள் அத்தனையும் அழகான எட்டு மணி நேரம், எல்லாம் ப்ராஜெக்ட் பெயரில். வேவு பார்க்கிறார்கள் என்று பயந்திருந்தார்கள். பெயர்களை எடுத்துவிட்டுப் பிரிவுவாரியாக மட்டும் பார்ப்போம் என்று உறுதி சொன்ன பிறகு இரண்டாம் வாரத்திலிருந்து உண்மை வர ஆரம்பித்தது. முதல் வாரத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் நீட்டினோம்.

லீட் நால்வரின் நேரத்தில் திட்டமிட்ட வேலைக்குப் போனது 62 சதவீதம்தான். 17 சதவீதம், எப்போதோ ஒப்படைத்த ஆலைகளிலிருந்து வரும் தொலைபேசி. 12 சதவீதம் விற்பனைப் பிரிவுக்கு விலைப்புள்ளி தயாரிக்க உதவியது. மீதி 9 சதவீதம் புதியவர்களின் சந்தேகங்களுக்கு. ஒரு லீட் சொன்னது: "சார், காலையில உட்கார்ந்து ஒரு சீக்வென்ஸ் எழுத ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள எட்டு போன் வருது. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து யோசிக்க வேண்டியிருக்கு. ராத்திரி வீட்டுலதான் நிஜமா வேலை நடக்குது."

கமிஷனிங் ஆட்களின் கணக்கு இன்னும் சங்கடம். ஆறு வாரத்தில் அவர்கள் ஆலைகளில் இருந்தது 141 ஆள்நாள். அதில் 44 நாள் வெறும் காத்திருப்பு. கேபிள் முனை கட்டி முடிக்கவில்லை, கருவிக்குக் காற்று வரவில்லை, பம்ப் அடித்தளத்தில் உட்காரவில்லை, ஆலை இயக்குபவர் வரவில்லை. இன்னொரு 29 நாள், எங்கள் கூடத்திலேயே பிடித்திருக்க வேண்டிய பிழைகளைச் சரிசெய்யப் போயிருந்தது.

பிழைகளைப் பார்த்தால் பெரிய புதிர் எதுவும் இல்லை. அழுத்தத்தை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை 0 முதல் 10 பார் வரை அமைத்திருப்பார்கள், நிரலில் 0 முதல் 16 என்று இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை, அதன் நடுவான 12 வந்தால் உண்மை அழுத்தம் 5 பார், திரை 8 என்று காட்டும். ஆலையில் இருப்பவர் கருவியைச் சந்தேகிப்பார், பிறகு கேபிளை, பிறகு கார்டை. கடைசியாகத்தான் நிரலைத் திறப்பார், அதற்குள் ஒரு நாள் போயிருக்கும்.

பிரிவுவாரியாகக் கணக்குப் போட்டதும் 92 சதவீதம் கலைந்து போயிற்று. பேனல் வடிவமைப்புக்கு 14,400 மணி நேரம் இருக்க, தேவை 11,500. அதாவது 80 சதவீதம். நிரல் பிரிவில் 27,000-க்கு 24,000, 89 சதவீதம். கமிஷனிங்கில் இருப்பது 12,600, தேவை 14,900, 118 சதவீதம். லீட்களுக்குத் தாளில் 7,200-க்கு 5,900 என்று 82 சதவீதம் வந்தது. ஆனால் அவர்கள் கையில் உண்மையாக இருப்பது 62 சதவீத நேரம்தான், சுமார் 4,460 மணி. அதை வைத்துப் பார்த்தால் 132 சதவீதம். வடிவமைப்பாளருக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரத்தை எடுத்து ஆலையில் லூப் (கருவியிலிருந்து திரை வரையான ஒரு சிக்னல் பாதை) சரிபார்க்க ஒட்டிவிட முடியாது. பழைய தாள் அதைத்தான் செய்திருந்தது.

வரிசைக் கணக்கு

சராசரி சுமை இடத்துக்கு இடம் வேறு என்று காட்டினால் மட்டும் நிர்வாகம் ஒப்பாது என்று தெரியும். இரண்டு எளிய கணக்குகளைக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன்.

முதலாவது, ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி. ஓர் அமைப்பில் சராசரியாக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். எங்களிடம் கையில் 19 வேலைகள், மாதத்துக்கு முடிவது சுமார் 2. ஒன்பதரை மாதம். ஆறு மாதத் தேதி கொடுத்த ஒவ்வொரு கடிதமும் அனுப்பிய அன்றே தாமதமானதுதான்.

இரண்டாவது, வரிசைக் கோட்பாடு. வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து ஒரே ஆளிடம் காத்திருக்கும் எளிய மாதிரியில், அவர் 80 சதவீதம் சுமையில் இருந்தால் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90-இல் 9 மடங்கு. 95-இல் 19 மடங்கு. எங்கள் நிறுவனம் அந்த மாதிரியைப் போலவே இயங்குகிறது என்று சொல்லவில்லை. வளைவின் வடிவம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கடைசிப் பத்து சதவீதத்தை நிரப்புவதற்கு நாம் கொடுக்கும் விலை அதில் தெரியும்.

நிதிப் பொறுப்பிலிருந்தவர் நேராகக் கேட்டார்: "அப்போ பத்துப் பேருல ரெண்டு பேரு சும்மா உட்காரச் சம்பளம் கொடுக்கச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. அந்த இருபது சதவீதம் சும்மா இருக்காது, இப்போது இரவில் வீட்டில் நடக்கும் வேலை பகலுக்கு வரும், அவ்வளவுதான் என்றேன். அவர் முழுசாக ஒப்பவில்லை. கமிஷனிங்குக்கும் லீட்களுக்கும் மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும், 80 சதவீத வரம்பு வைத்துப் பார்க்கச் சம்மதித்தார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆள் எடுப்பதில் 12-ஐ 5 ஆக்கினோம். மூன்று பேர் கமிஷனிங்குக்கு, இரண்டு பேர் பழைய ஆலைகளுக்கான உதவிப் பிரிவுக்கு. பன்னிரண்டு புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் அதே நான்கு லீட்கள்தான், ஏற்கெனவே 132 சதவீதத்தில் இருந்தவர்கள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு எதுவும் வெளியே போயிருக்காது. வெளியிலிருந்து ஒப்பந்த ஆட்களை எடுப்பதை நிறுவனம் முன்பே முயன்று பார்த்திருந்தது. ஐஇசி 61131-3 தரநிலை 1993-லிருந்து நிரல் மொழிகளைப் பொதுவாக்கியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒருவர் எழுதிய லேடரை (ஏணி வடிவ வரைபடமாக எழுதும் பிஎல்சி நிரல்) நடு இரவில் இன்னொருவர் புரிந்துகொள்ளும்படி எழுத வைக்க எந்தத் தரநிலையாலும் முடியவில்லை.

தொலைபேசி இனி முதலில் உதவிப் பிரிவுக்குப் போகும். அவர்களால் முடியாததை மட்டும் வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து லீட்கள் பார்ப்பார்கள். மற்ற மூவரின் எண்ணுக்கு நேரடியாக அழைப்பு வரக்கூடாது.

ஆலைக்கு ஆள் அனுப்பும் முன் ஒரு தயார்நிலைத் தாள் வைத்தோம். மின்சாரம், காற்று, முனை கட்டியது, கருவி பொருத்தியது, லூப் சோதனைத் தாள்கள், ஆலை இயக்குபவரின் பெயர். படத்தோடு அனுப்பினால்தான் ஆள் கிளம்புவார். ஒப்படைப்புத் தாளில் 'ஃபோர்ஸ் எதுவும் இல்லை' என்ற வரியும், அதற்குத் திரையின் படமும் சேர்ந்தன.

ஏற்புச் சோதனையில், பலகையில் சுவிட்சைத் தட்டி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஆலை போல நடந்துகொள்ளும் ஒரு சிமுலேஷனை பிஎல்சியோடு இணைத்து வரிசை முறைகளை ஓட்டுவது என்று முடிவானது. மோட்டார், டிரைவ், ஆன்-ஆஃப் வால்வு, கட்டுப்பாட்டு வால்வு, அனலாக் உள்ளீடு, பிஐடி (ஓர் அளவை இலக்கில் நிறுத்தும் கட்டுப்பாட்டு முறை) ஆகிய ஆறுக்கும் பொதுவான நிரல் தொகுதிகள் எழுதுவதும் முடிவானது.

கடைசியாக, ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளைப் படிப்படியாக 12 ஆகக் குறைப்பது. ஐஓ பட்டியலும் இயக்க விவரமும் வாடிக்கையாளர் கையெழுத்தோடு வராத வேலையில் நிரல் தொடங்கக் கூடாது. இது மட்டுமே காத்திருப்பைக் குறைத்துவிடாது, வரிசை கதவுக்கு வெளியே நிற்கும், அவ்வளவுதான். அதனால் விற்பனைப் பிரிவு இனி ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்லாமல் வாராந்திரச் சுமைத் தாளைப் பார்த்துத் தேதி கொடுக்க வேண்டும் என்றானது. விற்பனைத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. கூட்டத்தில் மௌனமாக இருந்தார், பிறகு மூன்று வாரம் பழைய தேதிகளையே கொடுத்துக்கொண்டிருந்தார்.

நடந்தவை

நிரல் தொகுதிகள் முதலில் தோற்றன. எங்கள் திறமையான லீட் ஒருவர் இரண்டு மாதம் தனியே உட்கார்ந்து எழுதினார். மோட்டார் தொகுதிக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் இணைப்புகள். எல்லாச் சூழலுக்கும் பொருந்தும், அதனாலேயே யாருக்கும் புரியவில்லை. நிரல் எழுதுபவர்கள் வழக்கம்போலப் பழைய வேலையை நகலெடுத்தார்கள். பிறகு நடந்துகொண்டிருந்த ஒரு வேலையிலேயே, அதைப் பயன்படுத்தப் போகும் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொண்டு மறுபடி எழுதினோம். அந்தத் தொகுதியில் 14 இணைப்புகள். லீட் சற்று வருத்தப்பட்டார், ஆனால் அவர்தான் அதைப் பிழை பார்த்துக் கொடுத்தார்.

தயார்நிலைத் தாளை வாடிக்கையாளர்கள் தட்டிக் கழிக்கும் காகிதமாக முதலில் பார்த்தார்கள். ஒருவர் படமே இல்லாமல் எல்லாவற்றிலும் 'ஆம்' என்று போட்டு அனுப்பினார். நிறுவனத்தின் மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்ததால் ஆளை அனுப்பினோம். அவர் நான்கு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் மேலிடமே தாள் இல்லாமல் அனுப்பாதே என்று சொல்ல ஆரம்பித்தது. அந்த நான்கு நாள் செலவு எங்களுக்கு லாபம்தான்.

உண்மையான தேதி சொன்னதால் ஓர் ஆர்டர் போயிற்று, சிறியதல்ல. இன்னொரு வாடிக்கையாளர் எட்டு மாதம் என்று சொன்னதைக் கேட்டு, தன் கட்டடப் பணியை அதற்கேற்ப நகர்த்திக்கொண்டார்.

முடிவு

2023 ஆண்டில் 27 வேலைகள் முடிந்தன. மாற்றத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 23. தாமதம் 27-இல் 7. கையில் இருக்கும் வேலை 19-இலிருந்து 13-க்கு வந்தது, 12 என்ற இலக்கைத் தொடவில்லை. மறுபடி நேரக் குறிப்பு எடுத்தபோது ஆலையில் காத்திருக்கும் நாள் 31 சதவீதத்திலிருந்து 14-க்கு இறங்கியிருந்தது. லீட்களின் திட்டமிடாத நேரம் 38-லிருந்து 21.

இதில் எவ்வளவு எங்கள் முடிவுகளால், எவ்வளவு தானாக வந்தது என்று பிரிப்பது கடினம். 2023-இல் பொருள் வரத்து சீராகி, பேனல்கள் கொத்தாகத் தயாராவது நின்றது. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் கொஞ்சம் இளகியிருக்கும். ஆனால் ஆலையில் காத்திருப்பு குறைந்ததற்கும் சிப்புக்கும் சம்பந்தமில்லை, அதை முழுதும் தயார்நிலைத் தாளின் கணக்கில் எழுதலாம் என்று நினைக்கிறேன். சிமுலேஷன் சோதனையின் பலன் எதிர்பார்த்த அளவு இல்லை. வரிசை முறைப் பிழைகள் குறைந்தன, ஆனால் ரேஞ்ச் பிழைகள் (அந்த 10 பார், 16 பார் வகை) அப்படியே தொடர்ந்தன, ஏனென்றால் சிமுலேஷனிலும் அதே தவறான ரேஞ்சைத்தான் நாங்கள் ஏற்றினோம். கருவியின் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது, மென்பொருள் அல்ல.

மறுபடி செய்தால்

கமிஷனிங் ஆட்களை ஒரு வருடம் முன்பே எடுத்திருப்பேன். பிராசஸருக்கு ஒன்பது மாதம் என்று வாராவாரம் புலம்பினோம். ஆலைக்குத் தனியே அனுப்பக்கூடிய ஓர் ஆள் உருவாக எங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. புதிதாக எடுத்த மூவரில் 2023 முடியும்போது ஒருவர்தான் தனியே போனார்.

நேரக் குறிப்பை விபத்துக்குப் பிறகு தொடங்கியதும் என் தவறு. நான் பொறுப்பேற்ற முதல் வாரமே ஒரு லீட் போன் தொல்லையைச் சொன்னார். தனிமனிதப் புலம்பல் என்று குறித்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

விற்பனைத் தலைவரை முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு அழைத்ததற்குப் பதில், கணக்குப் போடும்போதே பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தில் கொடுத்த தேதிகளில் இரண்டு, பிறகு தாமதமான ஏழில் சேர்ந்தன.

வெளியே தொடர்ந்து இருக்கும் நாளுக்கு 28 என்று வரம்பு வைத்தோம். அதை இரண்டு முறை மீறினோம், இரண்டும் ஆண்டு முடியும் மாதத்தில்.

இப்போது கமிஷனிங் 86 சதவீதத்தில் இருக்கிறது. நெரிசல் பேனல் வடிவமைப்புக்கு நகர்ந்துவிட்டது. முன்பு 80-இல் இருந்த பிரிவு இந்தக் காலாண்டில் 97-ஐத் தொட்டிருக்கிறது, அங்கேயும் நேரக் குறிப்பைத் தொடங்கியிருக்கிறோம். முதல் வாரக் குறிப்புகள் வந்தன. எல்லாரும் அழகாக எட்டு மணி நேரம் எழுதியிருக்கிறார்கள்.